விலைகொடுத்தும் உரிமையில்லாப் பொருள்

கடையிலே ஒரு நூலை விலைகொடுத்து வாங்குபவர் அதனை விரும்பிய தடவை வாசிக்கலாம்; நண்பருக்கு இரவல் கொடுக்கலாம்; பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். விற்றவர் பின்னர் வீட்டுக்கு வந்து அதனை எடுத்துச்செல்ல முடியாது. கொள்வனவு என்ற சொல்லுக்கு மக்கள் காலங்காலமாகக் கொண்டுள்ள பொருள் இதுவே. ஆனால் பாடலும் திரைப்படமும் நூலும் இலத்திரனியல் வடிவம் பெற்ற பின்னர், இப்பொருள் ஓசையின்றி மாற்றப்பட்டுவிட்டது.

இம்மாற்றத்தின் கருவியாக அமைந்தது, பிரதிசெய்தலைத் தடுக்கும் இலத்திரனியல் பூட்டாகும். பூட்டப்பட்ட கோப்பின் திறவுகோல் விற்பனை நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலேயே இருக்கின்றது. எந்தக் கருவியில், எத்தனை பிரதிகள், எந்த நாட்டில் என்பவற்றை அந்நிறுவனமே தீர்மானிக்கின்றது. டிவிடி வட்டுக்களுக்காக உலகம் வலயங்களாகப் பிரிக்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. கனடாவில் முதலாம் வலயத்துக்கென விற்கப்பட்ட வட்டு, பிரித்தானியாவின் இரண்டாம் வலயக் கருவியில் இயங்காது. உறவுகள் பல நாடுகளில் சிதறி வாழும் எமது சமூகத்துக்கு இதன் தொல்லை புதியதல்ல.

பூட்டுப் போடும் ஆர்வம் எத்தகைய எல்லைக்குச் செல்லும் என்பதை 2005ஆம் ஆண்டு உலகம் கண்டது. சோனி பிஎம்ஜி நிறுவனம் வெளியிட்ட சில இசை இறுவட்டுக்களை வின்டோஸ் கணினியில் இட்டவுடன், தன்னை மறைத்துக்கொள்ளும் மென்பொருளொன்று உட்புகுந்தது. மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி இதனை அம்பலப்படுத்தினார். அம்மென்பொருள் திறந்துவிட்ட வழியில் ஏனைய தீய நிரல்களும் ஒளிந்துகொள்ள முடிந்தது. இறுதியில் அந்நிறுவனம் இறுவட்டுக்களை மீளப்பெற நேர்ந்தது. 2007இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுடன் செய்துகொண்ட இணக்கப்பாட்டின்படி, கணினி சேதமுற்றோருக்கு 150 டொலர் வரை வழங்கவும் அது உடன்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் திருட்டுப் பிரதி வைத்திருந்தோர் அல்லர். காசு கொடுத்து வாங்கியோரே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

2009 ஜூலையில் அமேசன் நிறுவனம், விற்பனையாளருக்கு உரிமை இருக்கவில்லை எனக் கூறி, ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நூல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. அவற்றுள் ஒன்று, கண்காணிப்பு ஆட்சியைச் சித்திரிக்கும் "1984" என்ற நாவல். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்பும் கோரினார். 2019இல் மைக்ரோசொப்ட் தனது மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கப்பட்ட நூல்கள் அனைத்தும் மறைந்தன. பணம் மீண்டது, நூல் மீளவில்லை.

படைப்பாளியின் உழைப்புக்கு ஊதியம் கிடைக்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் திருட்டுப் பிரதிகளில் பூட்டு இருப்பதில்லை. நேர்மையாக வாங்கியவரின் பிரதியிலேயே அது இருக்கின்றது. அப்பிள் நிறுவனம் 2009இல் தான் விற்ற பாடல்களிலிருந்து பூட்டை அகற்றியது. அதனால் இசை விற்பனை நின்றுவிடவில்லை. மறுபுறத்தில், அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே பொதுவாகத் தடைசெய்கின்றது. பார்வையற்றோர் மின்னூலை ஒலிவடிவில் கேட்பதற்காகப் பூட்டை நீக்குவதற்குக்கூட, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் விதிவிலக்கையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

இந்நிலையில் கலிபோர்னியா மாநிலம் 2024இல் நிறைவேற்றி, 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் கவனத்துக்குரியது. மீளப்பெறக்கூடிய அனுமதியை மாத்திரம் வழங்கும் நிறுவனம், அதனைத் தெளிவாக அறிவிக்காமல் "வாங்குங்கள்" என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்பதே அதன் சாரம். அச்சட்டம் பூட்டை அகற்றவில்லை. பூட்டு உண்டென்ற உண்மையை மறைப்பதையே தடுக்கின்றது. எமது நாட்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் இது குறித்துச் சிந்திக்க வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பு. வாடகைக்குத் தருவதை விற்பனை என்று சொல்வது வாணிபமாகாது. பணம் செலுத்தும் முன்னரே, தாம் பெறுவது பொருளா அனுமதியா என்பதை அறியும் உரிமையாவது மக்களுக்கு இருத்தல் வேண்டும்.