புது வீட்டிற்கு ஏர்கோன்: சுவர் பூசும் முன் முடிவு செய்ய வேண்டியவை

ஜெராம்: மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடிய வட்டாரம் வட சிலாங்கூர். இங்கு ஒரு குடும்பம் வீடு வாங்குவதும் கட்டுவதும் பல ஆண்டுச் சேமிப்பின் பலன். அந்த வீட்டில் ஏர்கோனைக் கடைசி நேரத்தில் யோசித்தால் பூசிய சுவரை உடைக்க நேரும். மாதாமாதம் மின்கட்டணமும் கடிக்கும்.

வெப்பத்தை வெளியேற்றும் பம்பு

கிணற்று நீரை மேலே ஏற்றும் பம்பைப் போல, அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் ஏர்கோனின் வேலை. லண்டனிலோ டொரோண்டோவிலோ இருக்கும் உறவினர்கள் வீட்டைச் சூடாக்க வைத்திருக்கும் ‘ஹீட் பம்ப்’ இதன் உடன்பிறப்பு. அங்கே குளிர்காலத்தில் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுக்கிறது. இங்கே உள்வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் அல்லது அதற்கும் கூடுதலான வெப்பத்தை இது நகர்த்தும்.

ஆகவே, வீட்டிற்குள் எவ்வளவு வெப்பம் நுழைகிறதோ அவ்வளவுக்கு மின்சாரம் செலவாகும்.

முதலில் கூரை

கூரைக்கும் சீலிங்கிற்கும் இடையே வெப்பத்தடுப்புப் பஞ்சு அல்லது அலுமினியத் தாள் போடச் சொல்லுங்கள். கூரை மூடிய பிறகு இந்த வேலை சிரமம். மேற்கு நோக்கிய படுக்கையறை சன்னலுக்கு வெளிப்புற மறைப்பு வேண்டும். பலகைக் கண்ணாடி சன்னல் வைத்தால் இடுக்கு வழியே குளிர்காற்று கசியும். ஏர்கோன் அறைக்கு நன்றாக மூடும் சன்னலே ஏற்றது.

எந்த அறைக்கு, எவ்வளவு?

எல்லா அறைக்கும் ஏர்கோன் தேவையில்லை. முதியவர்களும் குழந்தைகளும் தூங்கும் அறைகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். சமையலறையோடு திறந்திருக்கும் கூடத்தில் தாளிப்புப் புகையும், சாமி மேடையின் ஊதுபத்திப் புகையும் வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். அங்கே காற்றாடி போதும்.

சதுர அடியை 65ஆல் பெருக்குவது தொழிலில் உள்ளவர்களின் தோராயக் கணக்கு. 10க்கு 12 அடி அறை 120 சதுர அடி. பெருக்கினால் 7,800 பிடியு. சுமார் 9,000 பிடியு உள்ள 1 குதிரைத்திறன் ஏர்கோன் இதற்குப் போதும். மாலை வெயில் படும் அறைக்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். பெரிதாக வாங்கினால் நல்லது என்பது தவறான எண்ணம். அளவுக்கு மிஞ்சிய இயந்திரம் அறையைச் சட்டெனக் குளிர்வித்து நின்றுவிடும்; காற்றின் ஈரம் போகாமல் பிசுபிசுப்பு தங்கிவிடும்.

பூசும் முன் செய்ய வேண்டியவை

• ஒவ்வோர் ஏர்கோனுக்கும் மின்பெட்டியிலிருந்து தனி இணைப்பு. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடமே இதைக் கொடுக்கவும்.
• சுவருக்குள் செல்லும் செப்புக் குழாயில் இடையே ஒட்டு இருக்கக்கூடாது. மூடும் முன் நைட்ரஜன் வாயு செலுத்திக் கசிவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.
• தண்ணீர் வடியும் குழாய் நெடுகிலும் சாய்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் திரும்பி வந்து சுவரில் ஒழுகும்.
• வெளி இயந்திரத்திற்குக் காற்றோட்டமும், பழுதுபார்ப்பவர் நின்று வேலை செய்ய இடமும் வேண்டும். அதன் அனல் அண்டை வீட்டுச் சன்னலை நோக்கி வீசக்கூடாது.

ஜெராம் கடலோரப் பகுதி. உப்புக்காற்று வெளி இயந்திரத்தின் தகடுகளை அரிக்கும். துருத்தடுப்புப் பூச்சு உள்ளதா எனக் கேட்டு வாங்குவது நல்லது.

மின்கட்டணக் கணக்கு

0.8 கிலோவாட் இழுக்கும் ஏர்கோன் இரவில் 8 மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் மாதம் 192 யூனிட் ஆகும். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டிற்கு ஒரு யூனிட் 44.43 சென். ஊக்கச் சலுகையைக் கழிக்காமல் பார்த்தால் ஏறக்குறைய 85 ரிங்கிட். மூன்று அறைகளிலும் ஓடினால் 576 யூனிட். குளிர்பதனப் பெட்டியும் விளக்குகளும் சேர்ந்தால் 600ஐத் தாண்டிவிடும். அதன்பின் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் உண்டு. 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஊக்கச் சலுகை கிடையாது.

அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ‘இன்வெர்ட்டர்’ வகை, இரவு முழுதும் ஓடும் படுக்கையறையில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும். கடையில் விலைச்சீட்டைப் பார்ப்பதோடு எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையையும் பாருங்கள். ஐந்து நட்சத்திரமே உச்சம். 24 முதல் 26 பாகையில் வைத்துக் காற்றாடியையும் மெதுவாகச் சுழலவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கையில் பணம் குறைவாக இருந்தால் ஏர்கோனைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். குழாய், வடிகால், மின் இணைப்பு ஆகிய மூன்றுக்கும் இப்போதே வழி விட்டு வைப்பது அவசியம்.