ஆற்றுப் பயணமும் ஆண்டு ஒதுக்கீடும்

அமெரிக்க மேற்கைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிவந்த பயண நூல்கள் தனி மனிதரின் துணிவிலிருந்தும் ஊர் காணும் வேட்கையிலிருந்தும் பிறந்தவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆனால் அவற்றுள் பெரும்புகழ் பெற்ற ஜான் வெஸ்லி பவலின் கொலராடோ ஆற்றுப் பயண நூல் 1875-இல் அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்ததற்கு நேரடிக் காரணம், வாஷிங்டனில் அரசுப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுத்த ஒரு குழு விதித்த நிபந்தனையே ஆகும்.

அக்காலத்து அமெரிக்காவில் அரசு முழுமைக்குமான ஒரே வரவுசெலவுத் திட்டம் என்பது கிடையாது. அத்தகைய ஏற்பாடு 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அதுவரை ஒவ்வொரு துறையும் தனக்குத் தேவையான தொகையை மதிப்பிட்டுக் கேட்பதும், நாடாளுமன்றமான காங்கிரஸின் குழுக்கள் அதைக் கூட்டியோ குறைத்தோ ஒதுக்குவதுமே வழக்கமாக இருந்தது. பிரதிநிதிகள் சபையின் ஒதுக்கீட்டுக் குழு இவற்றுள் வலுவானது. எந்தத் தனிச் சட்டத்திலும் அடங்காத சில்லறை இனங்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டி ஆண்டுதோறும் நிறைவேற்றப்பட்ட பல்வகைச் செலவுச் சட்டத்தில் எது இடம்பெறும், எது விடுபடும் என்பதை அதுவே பெரும்பாலும் முடிவு செய்தது. எல்லைப்புறத்தை அளக்கப் புறப்பட்ட ஆய்வாளர் எவரும் இக்குழுவின் வாசலை மிதிக்காமல் இருக்க இயலவில்லை.

உள்நாட்டுப் போரில் 1862-இல் ஷைலோ களத்தில் வலது முன்கையை இழந்த பவல், பின்னர் இல்லினாய்ஸில் நிலவியல் கற்பித்தவர். அவர் கொலராடோ ஆற்றை ஆராய உதவி கேட்டபோது காங்கிரஸ் 1868-இல் பணம் எதுவும் தரவில்லை. இராணுவக் கிடங்குகளிலிருந்து உணவுப்பொருள் பெற்றுக்கொள்ள மட்டும் அனுமதித்தது. எஞ்சிய செலவை இல்லினாய்ஸின் கல்வி, அறிவியல் நிறுவனங்களும் பவலின் சொந்தப் பணமும் ஏற்றன. பத்துப் பேரும் நான்கு படகுகளும் கொண்ட குழு 1869 மே 24 அன்று வயோமிங் பிரதேசத்தின் கிரீன் ரிவர் என்னும் ரயிலடியிலிருந்து புறப்பட்டது. ஜூன் 9 அன்று லடோர் பள்ளத்தாக்கில் ‘நோ நேம்’ என்ற படகு பாறையில் மோதிப் பிளந்தபோது அதிலிருந்த மூவர் உயிர் தப்பினர். உணவில் பெரும்பகுதி போயிற்று. காற்றழுத்தத்தைக் கொண்டு ஓரிடத்தின் உயரத்தைக் கணிக்க உதவும் பாரமானிகள் அத்தனையும் தவறுதலாக அந்த ஒரே படகில் ஏற்றப்பட்டிருந்தன. அவை இல்லையேல் ஆற்றின் சரிவையும் மலைச்சுவர்களின் உயரத்தையும் அளக்க வழியில்லை, பயணத்திற்கே பொருளில்லை. மறுநாள் கீழே பாறையில் சிக்கிக் கிடந்த படகின் துண்டில் அவை உடையாமல் கிடைத்தன. பூசணம் பிடித்த மாவும் உலர்ந்த ஆப்பிளும் காப்பியும் மட்டுமே மிஞ்சியிருந்த நிலையில், ஆகஸ்ட் 28 அன்று மூவர் ஆற்றை விட்டுக் கரையேறிச் சென்று பின்னர் கொல்லப்பட்டனர். ஆற்றிலேயே தொடர்ந்த மற்றவர்கள் அடுத்த நாளே பெரும்பள்ளத்தாக்கைக் கடந்து வெளியே வந்தனர்.

இப்பயணம் செய்தித்தாள்களில் பரவிய பிறகே கருவூலம் திறந்தது. 1870-இல் காங்கிரஸ் ஒதுக்கிய 10,000 டாலரைக் கொண்டு பவல் 1871-இலும் 1872-இலும் புதிய குழுவோடு மீண்டும் ஆற்றில் இறங்கி நிலப்படங்கள் வரையும் பணியைத் தொடங்கினார். ஆயினும் பயண வரலாற்றை நூலாக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. பாறை அடுக்குகளையும் பூர்வகுடி மக்களின் மொழிகளையும் பற்றி எழுதுவதே தம் வேலை என்று அவர் கருதினார். 1874-இல் மேலும் நிதி கேட்டு ஒதுக்கீட்டுக் குழுவின் முன் நின்றபோது, அதன் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு, பயணக் கதையை எழுதித் தருவதாக வாக்களித்தால்தான் ஆய்வுக்கு மேற்கொண்டு பணம் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். இச்செய்தியைப் பவலே 1895-இல் வெளியிட்ட தம் பிந்தைய நூலின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்.

இந்தப் பின்னணி அந்நூலின் பெருங்குறையை ஓரளவு விளக்குகிறது. நாட்குறிப்பின் வடிவில் அமைந்த 1875-ஆம் ஆண்டு நூல் எல்லாம் 1869-இலேயே நடந்ததுபோலச் சொல்கிறது. இரண்டாம் பயணத்தின் நிகழ்ச்சிகள் முதற்பயணத்திற்குள் கலந்துவிட்டன. நிலப்படப் பணியின் முதுகெலும்பாக இருந்த ஆல்மன் தாம்சன், பதினேழு வயதில் படகேறிய ஃபிரெடரிக் டெலன்பாக் ஆகியோர் அடங்கிய இரண்டாம் குழுவின் ஆற்றுப் பயணத்தைப் பற்றி அதன் பயணக் கதையில் பேச்சே இல்லை. ஆனால் அக்குழு எடுத்த ஒளிப்படங்களைப் பார்த்துச் செதுக்கிய சித்திரங்கள் மட்டும் அதில் இடம்பெற்றன. சாகசத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஒரே தொடராக ஓடும் கதை ஏற்றதாக இருந்திருக்கலாம். எனினும் தம்மோடு உயிரைப் பணயம் வைத்தவர்களின் பெயரை விட்டது பவலின் தவறே, அதற்கு நிதிக்குழுவைப் பழி சொல்ல இயலாது. அந்தக் கடனை டெலன்பாக்தான் 1908-இல் தம் நூலின் வழியாகத் தீர்த்தார்.

பவல் மனமுவந்து எழுதிய நூல் வேறு. 1878-இல் அவர் அரசுக்கு அளித்த வறண்ட நிலங்கள் பற்றிய அறிக்கையில் சாகசம் எதுவுமில்லை. மழை அளவும் நீர் அளவும் ஏக்கர் கணக்குமே உள்ளன. ஆண்டுக்கு 20 அங்குலத்திற்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தில் மானாவாரி வேளாண்மையை நம்ப முடியாது என்றும், நாட்டின் பரப்பில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் அத்தகைய நிலமே என்றும் அது காட்டியது. யூட்டா பிரதேசத்தில் கிடைக்கும் நீர் முழுவதையும் பயன்படுத்தினாலும் நூற்றுக்கு மூன்று பங்கு நிலத்திற்குக்கூடப் பாய்ச்ச முடியாது என்பது அவரது கணக்கு. 1862-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் குடும்பத்திற்கு 160 ஏக்கர் வழங்கியது. அது பாசன நிலமாயின் ஒரு குடும்பம் உழுது முடியாத அளவுக்கு மிகுதி, மேய்ச்சல் நிலமாயின் பிழைக்கவே போதாத அளவுக்குக் குறைவு என்று வாதிட்ட பவல், பாசன நிலத்தை 80 ஏக்கராகவும் மேய்ச்சல் நிலத்தை 2,560 ஏக்கராகவும் வகுக்கச் சொன்னார். நீருரிமை நிலத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும், குடியேறுவோர் கூட்டாகச் சேர்ந்து வாய்க்காலை ஆள வேண்டும் என்பதும் அவர் பரிந்துரை. 1847 முதல் யூட்டாவில் மார்மன் சமயத்தினர் தலைவாய்க்காலைக் கூட்டுழைப்பால் வெட்டி நீரைப் பங்கிட்டு வாழ்ந்ததைக் கண்ணால் கண்டே அவர் இதை எழுதினார். எல்லைப்புற வாழ்வைப் பற்றிய நூல்களுள் இவ்வளவு நேர்மையானது அரிது. ஏர் போகும் இடத்திற்கு மழையும் போகும் என்று நிலத் தரகர்களும் சில அறிவியலாளர்களும் பேசிய காலம் அது. அறிக்கையின் சட்ட வரைவுகள் அப்போது நிறைவேறவில்லை.

அவருடைய அதிகாரம் மட்டும் வளர்ந்தது. நாட்டின் நிலவியல் ஆய்வுத்துறை 1879 மார்ச் 3 அன்று உருவானது தனிச் சட்டத்தால் அன்று. பல்வகைச் செலவுச் சட்டத்தில் செருகிய சில வரிகளால்தான். 1881-இல் குடியரசுத் தலைவராகிவிட்ட அதே கார்ஃபீல்டு பவலை அதன் இயக்குநராக்கினார். 1880-களின் பிற்பகுதியில் வறட்சி மேற்கை வாட்டியபோது, அணைக்கும் வாய்க்காலுக்கும் உரிய இடங்களைக் கண்டறிய 1888 அக்டோபரில் 1,00,000 டாலரும் மறு ஆண்டில் 2,50,000 டாலரும் ஒதுக்கப்பட்டன. ஆய்வுக்குழுவின் பின்னாலேயே சென்று நல்ல நிலத்தைத் தரகர்கள் வளைத்துவிடக் கூடாது என்று, பாசனத்திற்கு உகந்த நிலத்தை யாருக்கும் வழங்காமல் நிறுத்திவைக்கும் பிரிவும் 1888-ஆம் ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இருந்தது. பவலின் கீழிருந்த ஹெர்பர்ட் வில்சன் இக்காலத்தில் இந்தியாவின் பாசனப் பணிகளை ஆராய்ந்து எழுதிய விரிவான அறிக்கையைத் துறையே வெளியிட்டது.

அணைக்குரிய இடங்களை உடனே காட்டும்படி நெவாடாவின் செனட்டர் வில்லியம் ஸ்டூவர்ட் போன்றோர் வற்புறுத்த, ஆற்றுப்படுகை முழுவதையும் படமாக்காமல் எந்த இடத்தையும் தேர்ந்தெடுக்க மாட்டேன் என்று பவல் நின்றார். நிறுத்திவைக்கும் பிரிவைச் செயல்படுத்தியதால் மேற்கில் நிலம் வழங்குவதே நின்றுபோக, 1890 ஆகஸ்டில் பாசன ஆய்வுக்கான நிதி முற்றிலும் வெட்டப்பட்டது. 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எஞ்சியது நீர்த்தேக்க இடங்களுக்கான பாதுகாப்பு மட்டுமே. 1892-இல் துறையின் பிற ஒதுக்கீடுகளும் குறைந்தன. 1893-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கூடிய பாசன மாநாட்டில், உள்ள நிலத்திற்கெல்லாம் போதிய நீர் கிடையாது என்று சொன்ன பவலை அவையினர் கூச்சலிட்டு எதிர்த்தனர். அடுத்த ஆண்டு அவர் பதவி விலகினார்.

சாகசத்தின் புகழைக் கண்டு கொடுத்த கை, நீர்க்கணக்கு சாதகமாக இல்லாதபோது இறுகியது. ஆண்டுதோறும் கேட்டுப் பெறும் பணத்தைக் கொண்டு பல்லாண்டுப் பாசனப் பணி செய்வதன் இடரை உணர்ந்தே, 1902 ஜூன் 17-ஆம் நாளின் நிலமீட்புச் சட்டம், மேற்கு மாநிலங்களின் பொதுநில விற்பனையில் வரும் தொகையைத் தனி நிதியமாக்கியது. உழவர்கள் கட்டுமானச் செலவைப் பத்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த, அது சுழன்று அடுத்த அணைக்குப் பயன்படும் என்பது ஏற்பாடு. மூன்று மாதம் கழித்துப் பவல் மறைந்தார். உழவர்களால் தவணை கட்ட இயலாமல் போகவே, 1914-இல் காங்கிரஸ் அக்காலவரம்பை இருபது ஆண்டாக நீட்டியது. நிதியத்திலிருந்து எவ்வளவு செலவிடலாம் என்பதை ஆண்டுதோறும் தானே ஒதுக்கும் அதிகாரத்தையும் அதே சட்டத்தால் மீட்டுக்கொண்டது.