லத்தீன் யாருக்கு?

1902ஆம் வருஷம் வாஷிங்டன் நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு புதிய அரசுப் பள்ளி திறக்கப்பட்டது. ஆம்ஸ்ட்ராங் தொழிற்பயிற்சிப் பள்ளி. மரவேலை, இரும்பு வேலை, தையல், சமையல் என்று கையை நம்பிப் பிழைக்கிற தொழில்களைக் கற்றுத்தருவதற்காக வந்த பள்ளி அது. திறப்பு விழாவில் பேச வந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். கறுப்பர்களின் தலைவர் என்று அன்றைய வெள்ளை அமெரிக்கா ஏற்றுக்கொண்டிருந்த மனிதர். முதலில் ஒரு தொழில், பிறகு கொஞ்சம் காசு, சொந்தமாக ஒரு துண்டு நிலம். மற்ற உரிமையெல்லாம் மெதுவாக வரட்டும் என்பது அவர் கட்சி.

அதே வருஷம், அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்திலிருந்த இன்னொரு அரசுப் பள்ளியில் அன்னா ஜூலியா கூப்பர் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றார். எம் ஸ்ட்ரீட் உயர்நிலைப் பள்ளி. அதுவும் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிதான். ஆனால் அதன் டைம்டேபிளே வேறு. லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன், அல்ஜீப்ரா, இயற்பியல், வேதியியல். அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்து வர்ஜிலை மூலத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இவங்க லத்தீன் படிச்சு என்ன பண்ணப் போறாங்க? கேலியாகவும் அக்கறையாகவும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி இது. அந்தப் பள்ளியின் கதையே ஒருவகையில் இந்தக் கேள்வியின் கதைதான்.

*

வாஷிங்டன் நகரத்தில் அடிமைமுறை ஒழிந்தது 1862 ஏப்ரலில். எட்டே வருஷம் கழித்து, 1870ல், பதினைந்தாம் தெருவிலிருந்த ஒரு தேவாலயத்தின் நிலவறையில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான உயர்நிலை வகுப்பு தொடங்கியது. அமெரிக்காவில் கறுப்பர்களுக்கென்று அரசு நடத்திய முதல் உயர்நிலைப் பள்ளி அது. அடுத்த வருஷமே தலைமையாசிரியராக வந்தவர் மேரி ஜேன் பேட்டர்சன். அமெரிக்காவில் பி.ஏ. பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். நடுவில் ஒரு வருஷம் அந்தப் பொறுப்பிலிருந்த ரிச்சர்ட் கிரீனர், ஹார்வர்டில் இளங்கலை முடித்த முதல் கறுப்பர். 1891ல் எம் ஸ்ட்ரீட்டில் சொந்தக் கட்டடம் கிடைத்தது, தெருவின் பெயரே பள்ளியின் பெயரானது.

1899ல் நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே தேர்வு வைத்தார்கள். நான்கு பள்ளிகளில் மூன்று வெள்ளையருக்கானவை. அந்த மூன்றில் இரண்டை எம் ஸ்ட்ரீட் முந்தியது.

லத்தீன் ஏன் என்பதற்கு ரொம்ப நடைமுறையான பதில் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ஹார்வர்ட், யேல் மாதிரியான கல்லூரிகளில் நுழைய லத்தீன் தெரிந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் மற்றதில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான். ஆகவே ஒரு பள்ளியின் பாடப்பட்டியலிலிருந்து லத்தீனை எடுத்துவிட்டால் போதும், அங்கே படிக்கும் பிள்ளைகளில் ஒருவரும் அந்தக் கல்லூரிகளுக்குப் போக முடியாது. தனியாகச் சட்டம் போடத் தேவையில்லை. ஒருவரையும் தடுக்கவில்லையே என்று சொல்லிக்கொள்ளவும் செய்யலாம்.

கூப்பருக்கு இது நன்றாகவே தெரியும். வடக்குக் கரோலினாவில் 1858ல் அடிமையாகப் பிறந்தவர் அவர். ராலே நகரத்தில் விடுதலையான கறுப்பர்களுக்கென்று தொடங்கப்பட்ட பள்ளியில் படித்தார். ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த கிரேக்கத்தை எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று சண்டை போட்டுப் படித்தார். பிறகு ஓபர்லின் கல்லூரியில் பட்டம். தனக்கு நடந்தது தன் மாணவர்களுக்கு நடக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அவர் காலத்தில் எம் ஸ்ட்ரீட் பிள்ளைகள் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் பிரவுனுக்கும் போனார்கள்.

பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது. 1902-03 குளிர்காலத்தில் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் எம் ஸ்ட்ரீட்டுக்கு வந்து பேசினார். கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பைக் குறுக்கிவிடும் போக்கு நாட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் பேச்சின் சாரம். மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. உயர்நிலைப் பள்ளிகளுக்கெல்லாம் இயக்குநராக இருந்த வெள்ளை அதிகாரிக்கும் கூப்பருக்கும் உரசல் முற்றியது. கறுப்பினப் பள்ளிக்கு எளிமைப்படுத்திய பாடத்திட்டம் போதும் என்ற யோசனைக்குக் கூப்பர் மசியவில்லை.

நேரடியாக லத்தீனைக் காரணம் காட்டி அவரைத் தூக்க முடியாது. அதனால் வேறு வழிகளில் வந்தார்கள். மாணவர்கள் புகைபிடிக்கிறார்கள், குடிக்கிறார்கள், இவரால் அடக்க முடியவில்லை என்றார்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளிடம் ரொம்ப இரக்கம் காட்டுகிறார் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. அதுவும் போதாமல், அவர் வளர்த்து ஆளாக்கிய, அவர் வீட்டிலேயே தங்கியிருந்த இளம் ஆசிரியர் ஒருவரோடு சேர்த்து வதந்தி. கூப்பர் கணவரை இழந்தவர். அப்படிப்பட்ட ஒரு பெண்ணை வீழ்த்த எந்த ஊரிலும் எடுக்கப்படும் ஆயுதம் இது. 1906ல் கல்வி வாரியம் அவருக்கு மறுநியமனம் தர மறுத்துவிட்டது.

அவர் மிசௌரிக்குப் போய்க் கல்லூரியொன்றில் மொழிகள் கற்பித்தார். நான்கு வருஷம் கழித்து, 1910ல், அதே எம் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பி வந்தார். தலைமையாசிரியராக இல்லை, சாதாரண லத்தீன் ஆசிரியராக. தான் ஆண்ட பள்ளியிலேயே ஒரு வகுப்பறையை மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார எவ்வளவு மனசு வேண்டும்! 1925ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமைமுறை குறித்து பிரான்ஸ் எடுத்த நிலைப்பாடுதான் ஆய்வுப் பொருள். 105 வயது வரை வாழ்ந்து 1964ல் இறந்தார்.

அவர் போனாலும் லத்தீன் போகவில்லை என்பதுதான் முக்கியம்.

*

1916ல் பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறியது. கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் நினைவாக டன்பார் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். அங்கே பாடம் நடத்தியவர்களின் பெயர்களைப் பார்த்தால் ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டியல் மாதிரி இருக்கும். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய வரலாற்றாய்வாளர் கார்ட்டர் ஜி. உட்சன் அங்கே ஆசிரியர். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் மூன்று கறுப்பினப் பெண்களும் 1921 என்ற ஒரே ஆண்டில் அதைப் பெற்றவர்கள். அவர்களில் இருவர், ஈவா டைக்ஸும் ஜார்ஜியானா சிம்ப்ஸனும், இந்தப் பள்ளியில் கற்பித்தவர்கள். மூன்றாமவரான சேடி மாஸல் இதே பள்ளியில் படித்தவர்.

முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஏன் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தினார்கள்? வேறு இடமில்லை, அவ்வளவுதான். வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் அவர்களைச் சேர்க்காது. வாஷிங்டன் மத்திய அரசின் நேரடிப் பார்வையிலிருந்த நகரம் என்பதால் கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளை ஆசிரியர்களுக்கும் ஒரே சம்பள விகிதம். தெற்கே இந்த நிலைமை இல்லை. நாடு முழுக்கக் கதவடைக்கப்பட்ட அறிவாளிகள் ஒரே பள்ளியில் வந்து குவிந்தார்கள். பள்ளிக்கு அது வரம். அவர்களுக்கு? ஆய்வுக்கூடத்திலும் பல்கலைக்கழக நூலகத்திலும் கழிய வேண்டிய வாழ்க்கை, பதினைந்து வயசுப் பசங்களின் லத்தீன் வினைச்சொற்களைத் திருத்துவதில் கழிந்தது.

மாணவர் வாழ்க்கைக்கும் இதே இரட்டை முகம் உண்டு. நகரத்தின் மையத்திலிருந்த ஓட்டல்களும் நாடக அரங்குகளும் அவர்களுக்கு மூடியே இருந்தன. அதனால் பள்ளிதான் எல்லாமும். கறுப்பினப் பள்ளிகளின் கேடட் படையை 1880களில் தொடங்கியவர் கிறிஸ்டியன் ஃபிளீட்வுட். உள்நாட்டுப் போரில் வீரத்துக்கான உயரிய பதக்கம் பெற்றவர். ஒவ்வொரு வருஷமும் நடந்த அணிவகுப்புப் போட்டி, கறுப்பின வாஷிங்டன் முழுக்கக் கூடுகிற திருவிழா. மைதானத்தில் டன்பார் ஒரு பக்கம், ஆம்ஸ்ட்ராங் ஒரு பக்கம். அந்தப் பள்ளியின் கேடட்களில் ஒருவரான பெஞ்சமின் ஓ. டேவிஸ்தான் 1940ல் அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின ஜெனரல் ஆனார். கூடைப்பந்தும் அப்படித்தான் வந்தது. எம் ஸ்ட்ரீட்டில் படித்த எட்வின் ஹெண்டர்சன் 1904ல் ஹார்வர்டின் கோடைக்கால வகுப்பில் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்து, வாஷிங்டனின் கறுப்பினப் பள்ளிகளில் பரப்பினார்.

ஆனால் எல்லாமே பொன்னாக இல்லை. டன்பாரின் மேல் அன்றைக்கே ஒரு புகார் உண்டு. அது மருத்துவர், ஆசிரியர், அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி. வெளிர்ந்த நிறமுள்ளவர்களுக்கு அங்கே தனி மரியாதை. தோல் கறுத்த, அப்பா கூலி வேலை செய்கிற பிள்ளை உள்ளே போனால் கூசிப் போகும். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே மேலும் கீழும் இருந்தது. லத்தீன் யாருக்கு என்ற கேள்வியை வெள்ளையர் மட்டும் கேட்கவில்லை.

*

டன்பார் தயாரித்தவர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். எம் ஸ்ட்ரீட் காலத்து மாணவர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி, பிறகு ஹார்வர்ட் சட்டக் கல்லூரி. திரும்பி வந்து ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறைக் கறுப்பின வழக்கறிஞர்களை உருவாக்கினார். தர்குட் மார்ஷல் அவருடைய மாணவர். இனப்பிரிவினையைச் சட்டத்தாலேயே உடைப்பது அவர்களின் திட்டம்.

வாஷிங்டனில் அந்தத் தீயைப் பற்றவைத்தவர் டன்பார் வட்டத்துக்கு வெளியே இருந்த ஒருவர். கார்ட்னர் பிஷப், முடி திருத்தும் தொழிலாளி. மேல்தட்டுக் கறுப்பர்கள் மேல் அவருக்கு ஆழமான கசப்பு. தன் பகுதிப் பிள்ளைகள் நெரிசலான பள்ளியில் அரைநாள் ஷிப்டில் படிப்பதைப் பார்த்துப் பெற்றோரைத் திரட்டினார். அவரோடு கைகோத்தவர் அதே மேல்தட்டைச் சேர்ந்த ஹூஸ்டன். 1950ல், ஹூஸ்டன் இறந்த சில மாதங்களுக்குப் பிறகு, பதினோரு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெள்ளையருக்கான புத்தம்புது சூசா நடுநிலைப் பள்ளியின் வாசலுக்குப் போனார் பிஷப். அனுமதி மறுக்கப்பட்டது. அதிலிருந்து பிறந்த போலிங் எதிர் ஷார்ப் வழக்கில், 1954 மே 17 அன்று, பிரவுன் தீர்ப்பு வந்த அதே நாளில், வாஷிங்டன் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

நகரம் முழுக்க இருந்து பிள்ளைகளை ஈர்த்த டன்பார், அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தன் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கான சாதாரணப் பள்ளி ஆனது. வசதியுள்ளவர்கள் வேறு பக்கம் போனார்கள். முனைவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மெல்லத் திறந்தது. கொஞ்ச வருஷத்திலேயே பழைய டன்பார் கரைந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு வாதம் வழக்கமாக வரும். பார்த்தீர்களா, பிரிவினை இருந்தபோதுதான் நல்ல பள்ளி இருந்தது, ஒன்றாக்கினார்கள், போச்சு என்று. கேட்க நியாயம் மாதிரிதான் இருக்கும். ஆனால் 1954க்குப் பிறகு அந்த நகரம் செய்த இன்னொரு காரியத்தைப் பார்க்காமல் இப்படிச் சொல்ல முடியாது. தீர்ப்பு வந்த கொஞ்ச நாளிலேயே உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களை நான்கு தடங்களாகப் பிரித்தார்கள். சிறப்புத் தடம், கல்லூரித் தடம், பொதுத் தடம், அடிப்படைத் தடம். தேர்வு வைத்துப் பிரிக்கிறோம், நிறம் பார்க்கவில்லை என்றார்கள். கீழே விழுந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள், கறுப்பர்கள். விழுந்தவர்கள் மேலேறுவது அபூர்வம், ஏனென்றால் மேலேறத் தேவையான பாடமே கீழ்த்தடத்தில் கிடையாது. ஜூலியஸ் ஹாப்சன் என்ற செயற்பாட்டாளர் வழக்குப் போட்டார். 1967ல் நீதிபதி ஸ்கெல்லி ரைட் இந்தத் தடமுறையை ரத்து செய்தார்.

கூப்பர் மறுத்தாரே, கறுப்பினப் பிள்ளைக்கு எளிமைப்படுத்திய பாடம் போதும் என்ற யோசனை, அதேதான் இதுவும். முன்பு சுவர் இரண்டு பள்ளிகளுக்கு நடுவில் இருந்தது. இப்போது ஒரே பள்ளிக்குள், வகுப்பறைக்கும் வகுப்பறைக்கும் நடுவில் வந்து நின்றது.

பழைய டன்பாரை உயர்த்தியவை இரண்டு விஷயங்கள். திறமைசாலிகளுக்கு வேறு வாசல் இல்லாமல் செய்த அநியாயம் ஒன்று. அது போனதற்காக ஒரு துளிக் கண்ணீர்கூடத் தேவையில்லை. இன்னொன்று, இந்தப் பிள்ளைக்கும் முழுப் பாடம் உண்டு என்று ஒரு தலைமையாசிரியர் வேலையைப் பணயம் வைத்து எடுத்த முடிவு. அதற்குப் பிரிவினை தேவையே இல்லை. முதலாவதை ஒழிக்கும்போது இரண்டாவதையும் சேர்த்துக் கைவிட்டதுதான் இழப்பு. அதிலும், பின்தங்கிய பிள்ளைகளிடம் ரொம்ப இரக்கம் காட்டுகிறார் என்று கூப்பர் மேல் சொன்ன குற்றச்சாட்டை இப்போது திரும்பப் படித்தால், பள்ளியின் மேல்தட்டு மறந்த பாதியை அவர் மறக்கவில்லை என்றே தோன்றுகிறது.

1916ல் எழுந்த கட்டடம் 1970களில் இடிக்கப்பட்டது. அதற்குப் பதில் வந்த கட்டடமும் போய், 2013ல் புதிதாக ஒன்று திறந்தார்கள். அதன் தரையில் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் பெயர் பொறித்த தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். சில தகடுகளில் பெயர் இல்லை. இனி வரப்போகிறவர்களுக்காக வெறுமனே விட்டிருக்கிறார்கள்.