செயவெனெச்சமும் எதிர்மறையும்

'செய்ய', 'போக', 'வர' என முடியும் வினையெச்சத்தைத் தமிழ் இலக்கணம் செயவெனெச்சம் என்கிறது. ஆங்கிலத்தில் ஏறத்தாழ இதே வேலையைச் செய்வது, 'டு கோ', 'டு ஈட்' என 'டு' சேர்ந்து வரும் இன்ஃபினிட்டிவ். தமிழ் மாணவர்கள் இதன் எதிர்மறைக்கு மனப்பாடம் செய்யும் விதி ஒன்றுதான்: 'டு'வுக்கு முன்னால் 'நாட்' போடு. விதியில் பிழையில்லை. ஆனால் எந்த வினையை மறுக்கிறோம் என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை. எச்சத்தை மறுக்கிறோமா, அந்த எச்சத்தை ஏற்று முடிக்கும் வினையை மறுக்கிறோமா என்பதில்தான் பொருள் மாறுகிறது. இந்த வேறுபாட்டை ஆங்கிலம் சொற்களின் வரிசையால் காட்டுகிறது. தமிழ் வினையின் உருவத்தால் காட்டுகிறது. அதனால் தமிழ் நன்றாகத் தெரிந்தவருக்கு இது புதுப் பாடமே அல்ல.

கோலாலம்பூரின் வடக்கு எல்லையில் உள்ள செலாயாங் மொத்தச் சந்தையை எடுத்துக்கொள்வோம். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லாரிகள் இரவோடு இரவாக வந்து சேரும் இடம் அது. அங்கே ஒருவர், "அண்ணே, மூட்டைய எறக்க வேணாம்னு சொன்னேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர், "மூட்டைய எறக்கச் சொல்லல" என்கிறார். முதலாமவர் தடுத்திருக்கிறார். இரண்டாமவர் தடுக்கவும் இல்லை, ஏவவும் இல்லை. மூட்டை இறங்கியதற்குத் தாம் பொறுப்பில்லை என்கிறார், அவ்வளவுதான். மூட்டை அழுகிப்போனால் நட்டம் யார் தலையில் விழும் என்பதே இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் முதல் வாக்கியம் 'ஐ டோல்ட் ஹிம் நாட் டு அன்லோட்'. இரண்டாவது 'ஐ டிட் நாட் டெல் ஹிம் டு அன்லோட்'. இரண்டிலும் இருப்பது ஒரே 'நாட்'தான். அது நகர்ந்த இடம்தான் வேறு. தமிழில் 'வேண்டாம்', 'இல்லை' என்று எதிர்மறைச் சொல்லே வேறாகிவிடுகிறது. பள்ளிக்கூடம் பார்க்காத தமிழரும் இதில் தடுமாறுவதில்லை.

தமிழின் இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததல்ல. பழந்தமிழில் எதிர்மறைக்குத் துணைவினையே தேவைப்படவில்லை. 'செய்யேன்', 'செய்யான்' எனக் காலம் காட்டும் இடைநிலை இல்லாமலே வினை தன்னை மறுத்துக்கொண்டது. இறந்தகாலத்துக்குச் 'செய்திலேன்' இருந்தது. திராவிட மொழிகளின் இந்த இயல்பைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ஆராய்ந்திருக்கிறார். பின்னாளில் செயவெனெச்சம் முன்னால் நிற்க, எதிர்மறைத் துணைவினைகள் அதன் பின்னால் வந்து ஒட்டின: செய்யவில்லை, செய்ய மாட்டேன், செய்யக் கூடாது, செய்ய முடியாது, செய்ய வேண்டாம். தொல்காப்பியம் வகுத்த ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளில் 'செய' ஒன்று. நன்னூல் வாய்பாடுகளைப் பன்னிரண்டாக்கியபோதும் அதை விடவில்லை. இன்றைய தமிழின் எதிர்மறைச் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குவது அந்தச் சிறிய வாய்பாடுதான்.

இவற்றுள் 'மாட்டேன்' தனிக் கவனத்துக்கு உரியது. 'மாட்டு' என்பதற்கு முதலில் இயலுதல், வல்லனாதல் என்று பொருள். ஆகவே பழைய உரைநடையில் 'செய்ய மாட்டேன்' என்றால் 'என்னால் ஆகாது' என்ற கருத்து. இன்று அது 'செய்வதாக இல்லை' என்று மன உறுதியைச் சொல்கிறது; இயலாமைக்கு 'முடியாது' வந்து அமர்ந்துவிட்டது. இலங்கையில் அதே இடத்தில் 'ஏலாது' நிற்கிறது. 'கூடாது'வும் இப்படித்தான் நகர்ந்தது. கூடுதல் என்றால் கைகூடுதல். கைகூடாதது, செய்யத் தகாதது ஆயிற்று. இத்தனை மாற்றத்திலும் பழைய எதிர்மறை அஃறிணையில் மட்டும் பிடிவாதமாக உயிரோடு இருக்கிறது. 'அவன் வரமாட்டான்' என்கிறோம். மழையைச் சொல்லும்போது 'வராது' என்கிறோம். மன உறுதி இல்லாத மழைக்கு 'மாட்டாது' தேவைப்படவில்லை.

ஆங்கிலமும் இதுபோல் ஒரு நீண்ட வழியை நடந்து வந்ததே. பழைய ஆங்கிலத்தில் 'நெ' என்ற சிறு சொல் வினைக்கு முன்னால் நின்றது. அது தேய்ந்து, வினைக்குப் பின்னால் 'நாட்' வலுப்பெற்று, பிறகு 'செய்' எனப் பொருள்படும் 'டூ' என்ற துணைவினை (எச்சத்தில் வரும் 'டு' அல்ல) புகுந்து 'டிட் நாட்' ஆயிற்று. எதிர்மறைச் சொல் தேய்வதும் புதியது வந்து தாங்குவதுமான இந்தச் சுழற்சியை டேனிய அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917இல் ஆங்கிலத்தையும் பிற மொழிகளையும் கொண்டு விளக்கினார். 'நாட் டு கோ'வா, 'டு நாட் கோ'வா என்ற சச்சரவும் நெடுநாளையது. எச்சத்தைப் பிளக்கலாகாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் கடிந்தார்கள். ஃபவுலர் 1926இல் வெளியிட்ட வழக்கு அகராதி அந்தக் கடுமையைத் தளர்த்தியது. இன்று இரண்டும் வழங்குகின்றன, எழுத்தில் 'நாட் டு' முந்தி நிற்கிறது. இந்தச் சச்சரவுக்கு நம் பாடத்தில் அதிக இடம் வேண்டியதில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தமிழ்ச் செயவெனெச்சத்துக்குத் தனக்கென்று எதிர்மறை வடிவம் இல்லையே, பின் எப்படி 'நாட் டு கோ'வைத் தமிழ் அறியும் என்பது அது. மறுப்பின் முற்பாதி உண்மை. 'போக' என்பதற்குள்ளேயே எதிர்மறையைச் செருகி இன்னொரு செயவெனெச்சத்தை நேரடியாக உண்டாக்க முடியாது. ஆனால் அந்த இடம் காலியாகவும் இல்லை. 'மழை பெய்யப் பயிர் விளைந்தது' என்பதை மறுத்துச் சொல்பவர் 'மழை பெய்யாமல் பயிர் வாடியது' என்கிறார். தாய் மூத்த மகளிடம், "தம்பி விழாமப் பிடிச்சுக்கோ" என்கிறாள். பிடிப்பவள் வேறு, விழக்கூடியவன் வேறு. இரு வினைக்கும் எழுவாய் வேறாக வரலாம் என்பது செயவெனெச்சத்தின் முத்திரை, அந்த முத்திரையை 'விழாமல்' அப்படியே ஏற்றிருக்கிறது. நோக்கத்தையும் அதுவே சொல்கிறது. ஆங்கிலத்தார் 'சோ ஆஸ் நாட் டு' என்று நான்கு சொல்லால் சுற்றி வருவதை, எழுவாய் ஒன்றாக இருக்கும் இடத்தில், தமிழ் ஒரு விகுதியில் முடித்துவிடுகிறது. வேறொரு வினை அந்த எச்சத்தை ஏற்க வேண்டிய இடத்தில் 'இரு' துணைக்கு வருகிறது: 'போகாமல் இருக்க முயன்றான்'. இதையும் 'போக முயலவில்லை' என்பதையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். முன்னவன் ஆசையோடு போராடியவன். பின்னவன் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

தமிழ் எல்லா இடத்திலும் தெளிவு என்று நான் சொல்ல வரவில்லை. 'வேண்டாம்' ஒரு கண்ணி. 'செய்ய வேண்டும்' என்பதற்கு எதிர்மறையாக வரும் 'செய்ய வேண்டாம்' இரண்டு திசையில் போகும்: செய்யத் தேவையில்லை என்பது ஒன்று, செய்யாதே என்பது இன்னொன்று. ஆங்கிலத்தின் 'நீட் நாட்', 'மஸ்ட் நாட்' இரண்டையும் பேச்சுத்தமிழ் இந்த ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறது. அறுவை சிகிச்சைக்கு முந்திய இரவு நோயாளியிடம் 'சாப்பிட வேண்டாம்' என்று சொன்னால், பசித்தாலும் சாப்பிடக்கூடாது என்று அவர் புரிந்துகொள்வாரா, கட்டாயமில்லை என்று எடுத்துக்கொள்வாரா? சொல்பவர் முகமும் குரலும் உடனிருந்தால் ஐயம் தீரும். எழுதிய சீட்டில் தீராது. அந்தச் சீட்டில் 'சாப்பிடக் கூடாது' என்றே எழுத வேண்டும். கட்டாயமில்லை என்பதற்குச் 'சாப்பிட வேண்டியதில்லை' என்று எழுத வேண்டும். கருவி தமிழிலேயே இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்துவதில்தான் அலட்சியம்.

ஆங்கில வகுப்பில் தமிழைக் கலந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்பது அடுத்த மறுப்பு. மலேசியச் சூழலில் இது பொருந்தாது. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பை முன்னோடியாகக் கொண்டு வளர்ந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று நாடு முழுவதும் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளை முதலாம் ஆண்டிலிருந்தே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கற்கிறது. ஆறு ஆண்டுக்குப் பின் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. மலாய் மொழியில் 'சாயா சுரு டியா ஜாங்கான் பெர்கி' என்றால் போக வேண்டாம் என்றேன். 'சாயா தீடாக் சுரு டியா பெர்கி' என்றால் போகச் சொல்லவில்லை. வரிசை ஆங்கிலத்தைப் போல, சொல்லை மாற்றும் குணம் தமிழைப் போல. செலாயாங்கிலோ பத்துமலையிலோ வளரும் பிள்ளையின் வாயில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இரண்டு மொழிகளில் பழகிக் கிடக்கிறது. ஆசிரியர் மூன்று மொழி வாக்கியங்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிர்மறை எந்த வினையோடு ஒட்டுகிறது என்று கோடு போட்டுக் காட்டினால் போதும். தாய்மொழியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு 'நாட்' எங்கே வரும் என்று நூறு முறை எழுத வைப்பதைவிட இது குறுகிய வழி, பிள்ளையின் அறிவை மதிக்கும் வழியும்கூட.

உண்மையிலேயே கடினமான இடம் வேறொன்று. பயிற்சி நேரத்தை அதற்குத்தான் மிச்சப்படுத்த வேண்டும். ஆங்கிலத்தில் 'நாட்' இல்லாமலே செயவெனெச்சம் எதிர்மறையாவது உண்டு. 'டூ டயர்ட் டு கோ' என்பதில் மறுப்புச் சொல் எதுவும் கண்ணில் படுவதில்லை. ஆனாலும் அவன் போகப்போவதில்லை. தமிழில் அதை மறைத்து வைக்க வழியில்லை, 'போக முடியாத அளவுக்குக் களைப்பு' என்று வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். 'ரெஃபியூஸ் டு' என்பதும் மறுப்பை வினையின் பொருளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. எழுத்துத்தமிழ் இதற்குப் 'போக மறுக்கிறான்' என்கிறது. பேச்சுத்தமிழோ, மறுப்பவன் வாயிலிருந்தே சொல்லைப் பிடுங்கிக்கொள்கிறது: 'மாட்டேன் என்கிறான்' என்பது சுருங்கிப் 'போக மாட்டேங்கிறான்'. அந்த மேற்கோள் இப்போது வாயில்லாத பொருளுக்கும் போய்விட்டது. பூட்டு துருப்பிடித்தால் 'கதவு திறக்க மாட்டேங்குது' என்கிறோம். ஆங்கிலத்தார் அதே கதவை 'ரெஃபியூசஸ் டு ஓப்பன்' என்கிறார்கள்.