பவர் ஸ்டீயரிங் கனத்தால் முதலில் எங்கே பார்ப்பது? – ஒரு சின்ன டிராக்டரும் 230 வருட ஒழுகல் கதையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன். ஒரு செலவாவது மிச்சமாகலாம்.

சென்ற நவரைப் பட்டத்தில், மார்கழிக் கடைசியில், என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். சிங்கப்பெருமாள்கோவிலுக்கு மேற்கே ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். சொந்தமாக ஒரு சின்ன டிராக்டர். தன் நிலத்தை உழுதுவிட்டு அக்கம்பக்கத்துக்கும் ஓட்டித்தான் வண்டிக் கடனை அடைக்கிறார்.

“சார், வண்டி திரும்பவே மாட்டேங்குது சார். மெக்கானிக் வந்து பாத்துட்டு ஸ்டீயரிங் யூனிட்டே போயிடுச்சுன்றாரு. புதுசுதான் போடணுமாம். நாத்துக்கு வயசு ஏறிக்கிட்டே போவுது சார்.”

மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்ற யோசனையில் இருந்தார். நான் மெக்கானிக் இல்லை. முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். “நாளைக்குக் காலையில வரேன், அதுவரைக்கும் எதையும் கழட்டாதே” என்று மட்டும் சொன்னேன். அன்று இரவு தூக்கம் வராமல், இந்த இயந்திரம் எப்படி உருவானது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். மறுநாள் எங்களுக்கு வழிகாட்டியது அந்த வரலாறுதான். அதைத்தான் எழுதப்போகிறேன்.

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் பாஸ்கல் சொன்ன விதி எல்லோருக்கும் நினைவிருக்கும். மூடிய கலனில் உள்ள திரவத்தின்மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். இரண்டு ஊசிக் குழலை ஒரு ரப்பர் குழாயால் இணைத்து, சின்னதை அழுத்தினால் பெரியது எடையைத் தூக்கும் என்று வகுப்பில் செய்து காட்டுவேன். ‘மூடிய கலன்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் ஒவ்வொரு வருடமும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன். கஷ்டம் முழுவதும் அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது.

பாஸ்கலின் விதியை ஓர் உழைக்கும் இயந்திரமாக மாற்ற நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீர் அழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தத்துவம் சரி, ஆனால் எந்திரம் ஒழுகியது. அழுத்தம் ஏற ஏற, பிஸ்டனைச் சுற்றி நீர் பீறிட்டது. அவரது பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லி கிண்ணம் போல் வளைத்த ஒரு தோல் வளையத்தைப் பொருத்தியபின் அது அடங்கியது என்பார்கள். உள்ளே அழுத்தம் கூடக்கூட அந்தத் தோல் தானாகவே சுவரோடு இறுகிக்கொள்ளும். இன்று நம் வண்டியில் இருக்கும் ஆயில் சீலுக்கு அதுதான் பாட்டன். ஹைட்ராலிக்கின் முதல் நோயே ஒழுகல்தான்.

அடுத்தது அமெரிக்கா. பியர்ஸ்-ஏரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். கனமான லாரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைப் பார்த்தவர். அவர் கண்ட வழி இதுதான்: பம்பு ஓடும்போதெல்லாம் எண்ணெய் தடையில்லாமல் சுற்றி வந்துகொண்டிருக்கட்டும், ஸ்டீயரிங்கைத் திருப்பும் நேரத்தில் மட்டும் வால்வு வழியை அடைத்து அழுத்தத்தை உண்டாக்கட்டும். எந்நேரமும் அழுத்தம் இருந்தால் எந்நேரமும் ஒழுகும் அல்லவா? 1926-இல் ஒரு பியர்ஸ்-ஏரோ காரில் இதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். பெரிய கார் நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் போட்டு, பிறகு செலவு அதிகம் என்று கைவிட்டது. இரண்டாம் உலகப் போரின் கனரக வண்டிகளில்தான் அது பெருமளவில் பயன்பட்டது. பொதுமக்கள் வாங்கும் காரில் வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில்.

டிராக்டருக்கு ஹைட்ராலிக் வந்தது வேறு வாசல் வழியாக. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன், கலப்பையை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் மும்முனை இணைப்பை உருவாக்கினார். 1938-இல் ஹென்றி ஃபோர்டும் அவரும் எழுத்தில் எதுவும் இல்லாமல் வெறும் கைகுலுக்கலில் கூட்டுச் சேர்ந்தார்கள். மறு வருடம் ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. அந்தக் கூட்டு பின்னால் முறிந்து நீதிமன்றம் வரை போனது தனிக் கதை. ஃபெர்குசனின் நிறுவனம் 1953-இல் மாசி-ஹாரிசோடு இணைந்தது. அந்த மாசி ஃபெர்குசனின் கூட்டுறவோடு சென்னையில் 1960-இல் டஃபே தொடங்கியது. நம் செங்கல்பட்டு ஏரிக்கரைகளில் என் தலைமுறை முதலில் பார்த்த சிவப்பு டிராக்டர்கள் அங்கிருந்து வந்தவைதான்.

அந்த வண்டிகளில் கலப்பை விரல் அசைவில் தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங்கைத் திருப்புவது மட்டும் மனிதனின் தோள். சேற்றில் கேஜ் வீல் போட்டு, வரப்போரம் முழு லாக் ஒடித்துத் திரும்ப நின்றுகொண்டு இழுக்க வேண்டும். எங்கள் ஊரில் இருபது வருடம் டிராக்டர் ஓட்டிய பெரியவர் ஒருவரால் கடைசிக் காலத்தில் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பெண்கள் ஓட்டுவதைப் பற்றி யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்தச் சுமையை இறக்கிய கடைசிக் கருவி அமெரிக்காவின் மின்னசோட்டாவில் லின் சார்ல்சன் என்பவரின் சிந்தனையில் பிறந்தது. ஏழு பள்ளம் கொண்ட வளையத்துக்குள் ஆறு பல் கொண்ட சக்கரம் உருண்டு சுற்றும். 1950-களில் அதை மோட்டாராகச் செய்தார். பிறகு அதே அமைப்பு ஸ்டீயரிங்குக்கும் வந்தது. நம் மெக்கானிக்குகள் ‘ஆர்பிட்ரோல்’ என்று சொல்வது இதைத்தான். ஸ்டீயரிங் வீலுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு கிடையாது, எண்ணெய்க் குழாய் மட்டும்தான். இன்ஜின் நின்றுவிட்டாலும் கையால் சுற்றும்போது அதே பல்சக்கரம் கைப்பம்பாக மாறும். கனக்கும், ஆனால் திரும்பும்.

இந்தக் கதை இப்போது நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஃபோர்டு பெயரைத் தாங்கிய கார்த் தொழிற்சாலை மறைமலைநகரில் 1990-களின் இறுதியில் வந்து 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. பக்கத்திலேயே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ஆராய்ச்சி மையம், ஜப்பானியக் கூட்டாளியோடு சேர்ந்து உருவாக்கிய ‘ஓஜா’ என்ற சின்ன டிராக்டர் வரிசை 2023 ஆகஸ்டில் வெளியானது. ஒரகடத்தில் வளாகம் வைத்திருக்கும் டான்ஃபாஸ் நிறுவனத்திடம்தான் சார்ல்சன் வழிவந்த ஸ்டீயரிங் தொழில் இன்று இருக்கிறது. இவ்வளவும் பத்து இருபது கிலோமீட்டருக்குள். ஆனாலும் வண்டி நின்றால் விவசாயி கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நிற்கிறார்.

மறுநாள் காலை நான் மாணவரிடம் சொன்னது இது: “வரலாறு எந்த வரிசையில வந்துச்சோ, அதே வரிசையில தேடுவோம். முதல்ல ஒழுகல், அப்புறம் பம்பு, அப்புறம் வால்வு. கடைசியா வந்த ஆர்பிட்ரோல் மேல கடைசியாத்தான் சந்தேகப்படணும்.”

ஹைட்ராலிக்குக்கும் முந்திய சமாச்சாரம் ஒன்று உண்டு. முன்டயரில் காற்று போதுமா? கிங் பின், டை ராடு முனைகளில் கிரீஸ் இருக்கிறதா? சிலிண்டரின் முனைப் பின்னைக் கழற்றிவிட்டு முன்சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். அப்போதும் இறுகியிருந்தால் கோளாறு இரும்பில். எண்ணெயைக் குறை சொல்லக்கூடாது. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டை கொடுக்க வேண்டும், இன்ஜினை அணைத்துவிட வேண்டும். இவர் வண்டியில் சக்கரம் தாராளமாக அசைந்தது.

அடுத்து எண்ணெய். அளவு சரியாகத்தான் இருந்தது. நிறம்தான் மோர்போல் வெளுத்திருந்தது. சேற்றுழவு வண்டியில் அப்படி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். காற்று கலந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஓர் ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் எண்ணெயைப் பிடித்துத் திண்ணையில் வைத்தோம். காற்று என்றால் நேரம் ஆக ஆக அடியிலிருந்து தெளியும். தண்ணீர் என்றால் வெளுப்பு அப்படியே நிற்கும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். அடியில் விரல் அளவுக்குத் தெளிந்திருந்தது. ஆக, காற்று.

காற்று எங்கிருந்து வரும்? டாங்கியிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சும் பக்கம்தான். அந்த ஹோஸில் ஒழுகல் இருந்தால் ஓடும்போது எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத ஒழுகல். பம்பு ‘ஙொய்’ என்று கத்தியதும், ஸ்டீயரிங் விட்டுவிட்டுக் கனத்ததும், கலப்பை தூக்கும் லிஃப்டும் கூடவே தயங்கியதும் அதனால்தான். லிஃப்ட், ஸ்டீயரிங் இரண்டும் சேர்ந்து தளர்ந்தால் இரண்டுக்கும் பொதுவான எண்ணெய், ஃபில்டர், ஹோஸ் பக்கம் பார்க்க வேண்டும். லிஃப்ட் நன்றாக இருந்து ஸ்டீயரிங் மட்டும் கனத்தால் ஸ்டீயரிங் பாதையில் தேட வேண்டும்.

கிளாம்பைக் கழற்றினோம். அதன் அடியில் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. ஃபில்டரும் அழுக்கேறி இருந்தது. புது ஹோஸ், புது கிளாம்பு, ஃபில்டர், கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன எண்ணெய். பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டை கொடுத்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பல தடவை திருப்பினோம். கோடியில் அழுத்திப் பிடிக்கவில்லை. உள்ளே இருந்த காற்று வெளியேறியது. குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பினோம். கத்தல் நின்றது. மாணவரின் மகள், கல்லூரியில் படிக்கும் பெண், ஏறி உட்கார்ந்து ஒரு கையால் வண்டியைத் திருப்பிக் காட்டினாள்.

இதோடு சரியாகவில்லை என்றால் அடுத்த படி உண்டு. ஆக்சிலேட்டர் கொடுத்தால் இலகுவாகி, ஐடிலில் கனத்தால் பம்பு தேய்ந்திருக்கலாம். பம்பு நன்றாக இருந்தும் இரண்டு பக்கமும் கனத்தால் ரிலீஃப் வால்வில் தூசி மாட்டியிருக்கலாம். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தும் சக்கரம் மெல்ல நழுவினால் சிலிண்டர் சீலைப் பார்க்க வேண்டும். அழுத்தமானியை மாட்டி அளக்கத் தெரிந்தவரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். எண் என்னவென்று கேளுங்கள். இவ்வளவும் சரி என்று தெரிந்த பிறகுதான் ஆர்பிட்ரோல். அதை வயல் வரப்பில் வைத்துத் திறக்கவே கூடாது. பல்சக்கரத்தை ஒரு பல் மாற்றிப் பூட்டினாலும் ஸ்டீயரிங் தானாகச் சுழன்று கையை முறித்துவிடும்.

இன்னொன்று. அழுத்தக் குழாயில் ஒழுகலைத் தேடும்போது விரலால் தடவாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயம்போல்தான் தெரியும், விரலையே இழக்க நேரிடலாம். ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரே நாளில் பத்து வண்டி பார்க்கிறார். பாகத்தை மாற்றினால் வேலை முடிந்தது. பாட்டிலைத் திண்ணையில் வைத்துக் காத்திருக்க அவருக்கு நேரம் யார் கொடுத்தார்கள்? ஆனால் அந்த அரை மணி நேரக் காத்திருப்பு வண்டிக்காரரால் முடியும். அவர் செய்யத்தான் வேண்டும்.

இரண்டு நாளில் நடவு முடிந்தது. நகை பெட்டியிலேயே இருக்கிறது. மாணவர் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

இப்போது பணியில் இருக்கும் இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்கல் விதி நடத்தும்போது ஊசிக் குழல் இணைப்பில் வேண்டுமென்றே ஒரு சின்ன ஓட்டை போட்டு, ஏன் எடை எழும்பவில்லை என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நான் அதை ஒரு தடவைகூடச் செய்யவில்லை.