ஒரு சிறுவனின் முதல் மன்றாட்டு

திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர்களுள் ஒருவரான புனித அகுஸ்தினார், தாம் சிறுவனாக இறைவனிடம் மன்றாடத் தொடங்கிய நாள்களில் என்ன வேண்டினார் என்பதைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். அவர் ஞானத்தை வேண்டவில்லை, தூய்மையையும் வேண்டவில்லை. பள்ளியில் தமக்கு அடி விழக்கூடாது என்றே வேண்டினார்.

கி.பி. 354-ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தவர் அவர். இன்று அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என வழங்கும் ஊர் அது. நாற்பது வயதைக் கடந்து, ஹிப்போ நகரின் ஆயராக விளங்கிய காலத்தில், தம் வாழ்க்கையை இறைவன் முன் அறிக்கையிட்டு அவர் எழுதிய நூலின் முதற்பகுதியிலேயே இச்செய்தி இடம்பெறுகிறது. அடியைக் காட்டிலும் அவர் மனத்தில் ஆழமாகத் தங்கிய வேறொன்றும் அங்கே சொல்லப்படுகிறது. அவர் பட்ட அடிகளைக் கண்டு பெரியவர்கள் சிரித்தார்கள்; அவருக்குத் தீங்கு எதையும் நினையாத பெற்றோருங்கூடச் சிரித்தார்கள். அச்சிறுவனுக்கு அது பெருந்துயரம். அவர்களுக்கோ அது வேடிக்கை.

அந்தத் தாய், மகனுக்காகப் பல ஆண்டுகள் கண்ணீர் வடித்த புனித மோனிக்கா என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். புனிதர் வாழும் இல்லத்திலேயும் ஒரு குழந்தையின் அச்சம் கண்டுகொள்ளப்படாமல் போகக்கூடும். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்தச் சிரிப்பொலி அகுஸ்தினாரின் காதிலிருந்து அகலவில்லை.

அதே நூலில் அவர் மற்றோர் ஒப்பீட்டையும் செய்கிறார். கிரேக்க மொழியை அவர் மிரட்டலுக்கும் தண்டனைக்கும் நடுவே கற்றார், அதனை வெறுத்தார். இலத்தீன் மொழியையோ, செவிலியரின் கொஞ்சலுக்கும் சிரிப்புக்கும் விளையாட்டுக்கும் இடையே, யாரும் அச்சுறுத்தாமலேயே கற்றார். அச்சத்தால் விளையும் கட்டாயத்தைவிடத் தடையற்ற ஆர்வமே மொழியைக் கற்பிக்க வல்லது என்பது அவர் கண்ட முடிவு. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த முடிவுக்கு, இன்றைய கல்வியாளர்களும் பெரிதாக எதையும் கூட்டிவிடவில்லை.

நம் மண்ணின் வரலாற்றுக்கு வருவோம். 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்தோர் துணையுடன் செபங்களை மொழிபெயர்த்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். 1544-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடல், இம்முறையை விவரிக்கிறது. சிறுவர்கள் தாம் கற்றவற்றைத் தந்தைக்கும் தாய்க்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்கவேண்டும் என்று அவர் பணித்தார். நோயாளிகள் அழைத்தபோது, தாம் செல்ல இயலாத இல்லங்களுக்குச் சிறுவர்களை அனுப்பிச் செபிக்கச் செய்தார்.

பெற்றோர் பிள்ளைக்குக் கற்பிப்பது எங்கும் உள்ள வழக்கம். பிள்ளை சொல்லப் பெற்றோர் செவிமடுக்கும் வழக்கத்தைச் சவேரியார் நம் கடற்கரைக் குடிசைகளில் உருவாக்கினார். தான் கற்றதை மாலையில் தாயிடம் சொல்லிக்காட்டும் குழந்தைக்கு, அப்பாடம் இரண்டாம் முறை மனத்தில் பதிகிறது. தன் சொல்லுக்கு இவ்வீட்டில் மதிப்புண்டு என்னும் உறுதியும் அதனுடன் சேர்ந்து பிறக்கிறது.

அடுத்து, 1822-ஆம் ஆண்டு. சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ, மாகாணமெங்கும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆட்சியர்களைப் பணித்தார். 1826-இல் அவர் அதனைத் தொகுத்தபோது, 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயில்வதாகத் தெரியவந்தது. அவர்களுள் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. இக்கணக்கில் வியப்பூட்டும் பகுதி ஒன்றுண்டு. சென்னை நகரில் பள்ளிகளில் பயின்றோர் 5,523 பேர். தம் இல்லங்களிலேயே பயின்றோர் 26,963 பேர் என்று ஆட்சியர் எழுதியிருந்தார். இவ்வெண் மிகையாயிருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். எனினும், உறவினராலோ தனி ஆசிரியராலோ வீட்டில் கற்பிக்கப்படும் பிள்ளைகள் பிற இடங்களிலும் உண்டு என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். வீடும் ஒரு பள்ளியே என்பது நம் முன்னோருக்குப் புதிய செய்தியன்று.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளைப் பொற்காலமாகப் போற்றுவதும் முறையாகாது. மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின்னர் ஓலைக்குச் செல்லும் அருமையான முறை அங்கே இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்னும் கொடுந்தண்டனையும் அங்கேதான் இருந்தது. அந்த மணல் எழுத்தைச் சென்னையில் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு, எழும்பூரில் தாம் பொறுப்பேற்றிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் அதனைப் புகுத்தினார். மூத்த பிள்ளைகள் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால், ‘சென்னை முறை’ என்ற பெயர் கடல்கடந்து பரவியது. நம் மணலுக்குக் கிடைத்த பெருமையைக் கேட்டு மகிழும் நாம், நம் பிரம்புக்கு உரிய சிறுமையையும் மறைத்தலாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோமை நகரில் ஒரு சில ஆண்டு இடைவெளியில் இரு நிகழ்வுகள் நடந்தன. முதலாவது, 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று, சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மொந்தெசோரி அம்மையார் தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த குழந்தைகளுக்காக எழுந்தது அது. அதன் விதிகளுள் ஒன்று நம் கவனத்திற்குரியது: தாய்மார் வாரத்திற்கு ஒருமுறையேனும் வந்து, தம் குழந்தையைப்பற்றிப் பொறுப்பாசிரியையிடம் உரையாடவேண்டும். எழுத்தறியாத தொழிலாளித் தாயும் தன் குழந்தையின் கல்வியில் பங்காளியானாள்.

இரண்டாவது, 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள், திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதரின் ஆட்சியில் வெளியான ஆணை. பத்து, பன்னிரண்டு, ஏன் பதினான்கு வயது வரையிலும் ஆங்காங்கே தள்ளிப்போடப்பட்டிருந்த புது நன்மையை, ஏறத்தாழ ஏழு வயதுக் குழந்தைகளுக்கு அது திறந்துவிட்டது. சாதாரண அப்பத்திற்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தை அறிந்தால் போதும் என்றது. குழந்தை ஆயத்தமாயிருக்கிறதா என்று முடிவு செய்யும் பொறுப்பு யாருக்கு? தந்தைக்கும், அல்லது அவர் இடத்தில் இருப்பவருக்கும், ஒப்புரவு கேட்கும் குருவுக்கும் என்று அவ்வாணை கூறியது. புது நன்மை வகுப்பில் பிள்ளையை விட்டுச் சென்று, விழா நாளன்று புத்தாடையுடன் திரும்பி வந்தால் தம் கடமை முடிந்தது என்று எண்ணும் பெற்றோர் இதனைச் சிந்திப்பது நன்று. ஏழு வயதுக் குழந்தையின் உள்ளத்தை அறிந்தவராகத் திருச்சபை முதலில் சுட்டுவது வீட்டாரையே.

மொந்தெசோரி அம்மையாருக்கும் நம் சென்னைக்கும் உள்ள தொடர்பு பலரும் அறிந்ததே. கத்தோலிக்கரான அவர், 1939-ஆம் ஆண்டு பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் அடையாறு வந்து, ஆசிரியர் பலருக்குப் பயிற்சியளித்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், உடன் வந்திருந்த மகன் மாரியோ, பகைநாட்டவர் என்ற முறையில் காவலில் வைக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், தாயின் எழுபதாம் பிறந்தநாளில், மகன் விடுவிக்கப்பட்டார். போர் நீடித்ததால் கொடைக்கானல் மலையிலும் அவர்கள் சில காலம் வாழ்ந்தனர்.

அந்தத் தாய்க்கும் மகனுக்கும் அது முதல் பிரிவன்று. 1898-இல் திருமணமின்றிப் பிறந்த மாரியோவை, அக்காலச் சமூகத்தின் நெருக்குதலால், நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளரவிட நேர்ந்தது. மகன் தாயுடன் வந்து சேர்ந்தபோது ஏறத்தாழப் பதினைந்து வயது இளைஞன். உலகத்துப் பெற்றோருக்கெல்லாம் குழந்தையின் தொடக்க ஆண்டுகளின் அருமையை உணர்த்திய அம்மையாருக்கு, தம் மகனின் அதே ஆண்டுகள் கிட்டவில்லை. இதனைக் குறையாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அந்த ஆண்டுகள் மீண்டும் வாரா என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார் என்று எண்ணவே நெஞ்சம் கனக்கிறது. தம் மகனுடன் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அவனுடன் பேச நேரமில்லாத பெற்றோர், தாம் எதனை இழக்கின்றோம் என்று இங்கே உணரலாம்.

பெற்றோரே தம் மக்களின் முதன்மையான கல்வியாளர் என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் மொழிந்தது. நம் நாட்டின் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு, பள்ளியில் உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. தகாஸ்தேயின் சிறுவன் வேண்டியது, பல நூற்றாண்டுகளுக்குப் பின் நம் நாட்டில் சட்டமாயிற்று எனலாம்.

ஆனால் சட்டம் வகுப்பறையின் பிரம்பைப் பிடுங்க முடியும். வீட்டுக் கூடத்தில் எழும் ஏளனச் சிரிப்பை நிறுத்த அதனால் இயலாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லி ஒப்பிடும் நாவும், ‘இதற்கெல்லாமா அழுவாய்?’ என்னும் கேள்வியும் பிரம்பைக் காட்டிலும் நீண்ட நாள் வலிக்கும். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குத் தொலைந்த எழுதுகோல் பெருந்துயரம். தோழன் பேசாதிருப்பது பேரிடர். நமக்குச் சிறியன என்பதால் அவை சிறியன ஆகிவிடா.

மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையிடம், எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், இன்று எதற்கு அஞ்சினாய், எதற்கு மகிழ்ந்தாய் என்று கேளுங்கள். கற்றதைச் சொல்லச் சொல்லிக் காதுகொடுங்கள். மாதம் ஒருமுறையேனும் ஆசிரியரைச் சந்தியுங்கள். குற்றம் சொல்லவன்று, அறிந்துகொள்ளவே. இரவுச் செபத்தில் குழந்தை தன் சொற்களில் மன்றாட இடம்விடுங்கள். அப்போது அதன் உள்ளம் தெரியும்.

இயேசு நாசரேத்தில் ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார் என்று லூக்கா நற்செய்தி சுருக்கமாகக் கூறிச் செல்கிறது. அவ்வளர்ச்சியைக் கண்டு, அனைத்தையும் தம் உள்ளத்தில் பதித்துவைத்த தாய் ஒருவர் அங்கே இருந்தார். நம் இல்லங்களில் வளரும் குழந்தைகளுக்கும், தம் அச்சங்களை ஏந்திக்கொள்ளும் உள்ளம் ஒன்று கிடைக்கட்டும்.