கள்ளக்கடத்தல் காதல் நாவல்

18ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் கடற்கரையில் சுங்கத்துக்குத் தப்பிச் சரக்கிறக்கிய குடும்பங்களின் காதலையும் பகையையும் சொல்லும் ஆங்கில நாவல் வகை. வால்டர் ஸ்காட்டின் 'கை மேனரிங்' (1815) இதற்கு ஸ்காட்லாந்துக் கரையில் தடம் போட்டது. ஜி. பி. ஆர். ஜேம்ஸின் 'தி ஸ்மக்ளர்' (1845) வெளிவந்தபோது கடத்தல் தொழிலே ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. இவ்வகை நாவல்கள் பகையைக் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையில் வைக்கின்றன. வரலாற்றுச் சான்றுகளோ, இந்தத் தொழிலில் குடும்பம் உழைப்பும் முதலும் சேரும் இடமாக இருந்ததையே காட்டுகின்றன. டார்செட்டின் ஐசக் கலிவர் 1768இல் ஒரு விடுதிக்காரரின் மகளை மணந்தார். மாமனாரின் விடுதி அவர் கைக்கு வந்தது. பின்னாளில் அவருடைய மகள் வங்கி நடத்திய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். கார்ன்வாலில் கார்ட்டர் சகோதரர்கள் கூட்டாகவே தொழில் செய்தார்கள். 1788இல் கடற்படைப் படகுகளுடன் நடந்த மோதலில் வெட்டுப்பட்ட ஹாரி கார்ட்டரை, தலைக்கு விலை வைத்துத் தேடியபோதும், உடன்பிறந்தவர்களே ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். கொண்டும் கொடுத்தும் வளர்ந்த தொழில் இது.

ரத்தம் சிந்தவில்லையா என்று கேட்கலாம். சிந்தியது, அதுவும் கொடூரமாக. ஹாக்ஹர்ஸ்ட் என்னும் கடத்தல் கும்பல் 1747இல் பூல் நகரச் சுங்கச்சாவடியை உடைத்து, பறிமுதலான தேயிலையை மீட்டது. மறு ஆண்டு, அந்த வழக்கில் சாட்சி சொல்லவிருந்த செருப்புத் தொழிலாளி டேனியல் சேட்டரையும் துணைக்குச் சென்ற சுங்க ஊழியர் வில்லியம் கேலியையும் கடத்தல்காரர்கள் வதைத்துக் கொன்றார்கள். ஆனால் அந்த வெறி சாட்சியின் மீதும் அரசின் மீதும்தான் பாய்ந்தது. அதற்குப் பின்னால் குலப்பகை இல்லை. தொழிலை வாழவைத்தது தீர்வை. பிரதமர் பிட்டின் அமைச்சரவை 1784இல் தேயிலைத் தீர்வையை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாக இறக்கியதும் தேயிலைக் கடத்தலின் ஆதாயம் கரைந்தது. தலைமுறைப் பகையை எந்தச் சட்டத்தாலும் அப்படிக் கரைத்துவிட முடியாது.

அப்படியானால் நாவல்கள் பொய்யா? எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஜே. மீட் ஃபால்க்னரின் 'மூன்ஃப்ளீட்' (1898) பகையின் வேரைச் சரியாகவே தொட்டிருக்கிறது. அதில் நீதிபதி மாஸ்க்யூ, கடத்தல்காரர் எல்சவிர் பிளாக்கின் மகனைச் சுட்டுக் கொல்கிறார். பிறகு எல்சவிரின் விடுதியையும் ஏலத்தில் பறிக்கிறார். எல்சவிர் மகனாக ஏற்று வளர்க்கும் ஜான் டிரென்ச்சர்டோ மாஸ்க்யூவின் மகள் கிரேஸைக் காதலிக்கிறான். இங்கே ஒரு வீடு சட்டம், இன்னொரு வீடு வயிற்றுப்பாடு; கரையோரத்தில் உண்மையாகவே ஓடிய பிளவு இதுதான். இந்த வகையின் ஆகச் சிறந்த படைப்பாக அதைக் கருதுவதற்குக் காரணம் இந்தத் தெளிவே. டாஃப்னி டு மோரியேயின் 'ஜமைக்கா இன்' (1936) 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு நகர்ந்து, பகையை ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்தது. கப்பல்களை ஏமாற்றிக் கரைமோதவிட்டுக் கொள்ளையடிக்கும் ஜாஸ் மெர்லினின் கூரைக்கடியில், அவன் மனைவியின் உடன்பிறந்தாள் மகள் மேரி, அவனுடைய தம்பி ஜெம்மையே விரும்புகிறாள். ஜாஸைப் போன்ற முகம் ஜெம்முக்கு இருப்பதுதான் அவளுடைய அச்சம்.